சுங்கான்கடை ரோட்டோரம் 38 சென்ட்: விற்பதா, லீசுக்கு விடுவதா, கட்டுவதா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் பழைய ரோட்டில் சுங்கான்கடைப் பக்கம் 38 சென்ட், அப்பா 1982-இல் வாங்கியது. ரோட்டைப் பார்த்து 92 அடி, உள்ளே 180 அடி. முன்னால் 27 சென்ட் புரையிடம் (வீடு, தோட்டத்துக்கான மேட்டு நிலம்), பின்னால் 11 சென்ட் பட்டாவில் இன்னும் நஞ்சை. அப்பா உயில் எழுதாமல் 2019-இல் காலமானார். அம்மா உங்களோடு இருக்கிறார், அண்ணன் ஷார்ஜாவில், அக்கா திருமணமாகித் திருவனந்தபுரத்தில். புரோக்கர் ஒருவர் சென்டுக்கு 9 லட்சம் என்கிறார். பர்னிச்சர் ஷோரூம்காரர் ஒருவர் வெறும் நிலத்தை 20 வருட லீசுக்குக் கேட்கிறார்: மாதம் 1,10,000 வாடகை, 10 லட்சம் அட்வான்ஸ், கட்டடம் அவர் செலவு. ஒரு பில்டர் வணிக வளாகம் கட்டித் தனக்கு 60, உங்களுக்கு 40 என்று பிரிக்கலாம் என்கிறார். அண்ணனுக்கோ கடன் வாங்கிச் சொந்தமாகக் கட்ட ஆசை. இதற்கிடையில் ஷோரூம்காரரிடம் டோக்கனாக 1 லட்சம் வாங்கியும் விட்டீர்கள். நான்கில் எது லாபம் என்பது கேள்வி.

முப்பது வருடமாக வங்கிகளுக்கு நில மதிப்பீடு செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் உங்கள் கடிதத்தில் தடுக்கி நின்றது விலையில் இல்லை. "அக்காவுக்கு நகையும் பணமும் கொடுத்துக் கட்டிக்கொடுத்துவிட்டோம், அவளுக்கு இதில் பங்கு கிடையாது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான்.

நீங்கள் கிறிஸ்தவக் குடும்பம் என்று சொல்லியிருப்பதால் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். திருவிதாங்கூரில் 1916-இல், அதாவது கொல்லம் 1092-இல், கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி மகனுக்குக் கிடைப்பதில் நாலில் ஒரு பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. ஸ்திரீதனம் (சீதனம்) கொடுத்தாயிற்று என்றால் அதுவும் இல்லை. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டத்துக்கு உயிர் இல்லை, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. நம் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது, ஆகவே இது நம் ஊர்க் கதையும்தான். சட்டம் போய் இத்தனை வருடமாகியும் பழக்கம் போகவில்லை. கல்குளம், விளவங்கோடு பக்கம் நான் மதிப்பீட்டுக்குப் போகிற வீடுகளில் பாதியில் இதே வாக்கியத்தைக் கேட்கிறேன்.

உங்கள் கணக்கு இப்படி வரும். உயில் இல்லாமல் இறந்தவரின் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் பேதமில்லாமல். அம்மாவுக்கு 12.67 சென்ட், உங்கள் மூவருக்கும் ஆளுக்கு 8.44 சென்ட். அக்காவின் 8.44 சென்ட் புரோக்கர் சொல்கிற விலையிலேயே 76 லட்சம். அவர் கையெழுத்து இல்லாமல் நீங்கள் போடுகிற எந்தப் பத்திரத்தையும் ஒரு நல்ல வங்கியின் வக்கீல் ஒரு நிமிடத்தில் திருப்பி அனுப்புவார். (இந்துக் குடும்பமாக இருந்தாலும் இன்று முடிவு பெரிதாக மாறாது. தமிழ்நாட்டில் 1989-இலேயே கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு வந்துவிட்டது.)

அக்கா மனமுவந்து விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம் பதியலாம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. ஆனால் "அவள் கேட்கமாட்டாள்" என்று நீங்களே முடிவுசெய்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவைப்பது விடுதலை ஆகாது. என்னைக் கேட்டால் அவர் பங்கை அப்படியே வைத்துக்கொண்டு மாத வாடகையில் பங்கு கொடுங்கள். இந்த நிலத்தை நான்கு பேருக்கும் பொதுவாகவே வைத்திருக்கச் சொல்வதற்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது, கீழே வருகிறேன். அண்ணன் அங்கிருந்தே உங்களுக்குப் பவர் கொடுக்கலாம். இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி அனுப்ப வேண்டும், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அந்த மூன்று மாதத்தைப் பலர் கோட்டை விடுகிறார்கள்.

அடுத்தது தாள்கள். அப்பாவின் 1982 பத்திரம் மட்டும் போதாது, அதற்கு முந்தைய மூலப் பத்திரம் வேண்டும். நம் பக்கம் அது கொல்லம் ஆண்டு போட்டிருக்கும், சிலது மலையாள எழுத்தில் இருக்கும். கொல்லம் ஆண்டோடு 824-ஐயோ 825-ஐயோ கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். எழுத்து தெரியாதென்று பீரோவில் பூட்டிவைக்காமல் படிக்கத் தெரிந்த ஒரு பழைய ஆவண எழுத்தரிடம் கொடுத்துப் பெயர்த்து எழுதி வாங்குங்கள். அதில் பழைய சர்வே எண் இருக்கும், பட்டாவில் ரீசர்வே எண் இருக்கும். இரண்டும் ஒரே நிலம்தான் என்பதற்கு ஒப்பீட்டுச் சான்று வேண்டும். பட்டா ஏர்ஸில் பேசும், நாம் சென்டில் பேசுவோம். 1 ஏர் என்பது 2.47 சென்ட், உங்கள் 38 சென்ட் 15.38 ஏர்ஸ் வர வேண்டும். பட்டாவில் 14.9 என்றிருந்தால் ஒரு சென்டுக்கு மேல் காணாமல் போயிருக்கிறது, இன்றைய விலையில் அது பத்து லட்சத்துக்குக் கிட்டத்தட்ட. ஃபீல்டு மேப்பை வைத்து சர்வேயரைக் கொண்டு அளந்து, நான்கு மூலையிலும் கல் போட்டபிறகு மற்றதைப் பேசுங்கள்.

வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்துத் திருப்தியாகிவிடாதீர்கள், அதில் பொதுவாக 1975-க்குப் பிறகுள்ளதுதான் கிடைக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடிய சான்றும் வாங்குங்கள். நம் ஊரில் ஒற்றி, அதாவது கடனுக்கு ஈடாக நிலத்தை அனுபவிக்கக் கொடுப்பது, சாதாரணம். மீட்டும் மீட்பைப் பதியாமல் விட்ட ஒற்றிகள் ஐம்பது வருடம் கழித்து எழுந்து உட்காரும். நிலம் எப்போதாவது ஸ்ரீபண்டாரவகையாக, அதாவது திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் நிலமாக இருந்ததா என்றும் பாருங்கள். அந்த நிலங்களை ரயத்துவாரியாக (அரசுக்கு நேரடியாக வரி கட்டும் நிலமாக) மாற்ற 1964-இல் தனிச் சட்டமே போட்டார்கள். அந்த மாற்றம் உங்கள் சர்வே எண்ணுக்கு முறையாக நடந்திருக்கிறதா என்பது கேள்வி. மலையை ஒட்டிய கிராமங்கள் பல 'ஹாக்கா' எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் கிராமம் அதில் வந்தால் கட்டட அனுமதியின் பாதையே வேறு.

இனி அந்த 11 சென்ட் நஞ்சை. புரோக்கர் 38 சென்டுக்கும் ஒரே விலை சொல்கிறார், எனக்கு அது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. நஞ்சையில் அனுமதியில்லாமல் வணிகக் கட்டடம் எழுப்ப முடியாது. நகரமைப்புத் திட்டப் பகுதிக்குள் இருந்தால் நில உபயோக மாற்றம் கேட்க வேண்டும், வெளியே இருந்தால் 2017-இல் வந்த விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். வாங்குகிறவர் இதைத் தெரிந்தே பேசுகிறார் என்றால் கடைசி நேரத்தில் "பின்பக்கத்துக்கு இந்த விலை கிடையாது" என்று அடிப்பார். அதைவிட முக்கியம், அது ஏன் நஞ்சையாக இருந்தது என்பது. குளத்துத் தண்ணீரோ சானல் தண்ணீரோ பாய்ந்த தாழ்வான இடம். 2021 நவம்பர் மழையிலும் 2023 டிசம்பர் மழையிலும் அந்தப் பின்பக்கத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பக்கத்து வீட்டு ஆச்சியைக் கேளுங்கள், எந்த என்ஜினீயரும் அதைவிடத் துல்லியமாகச் சொல்லமாட்டார். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த 11 சென்ட்டில் தென்னை நிற்கட்டும் என்று விட்டுவிடுவேன், மண் அடித்து நிரப்பமாட்டேன்.

ரோட்டைப் பற்றி. கேரள எல்லையிலிருந்து வில்லுக்குறி வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் நான்குவழிச் சாலை முழுமையாக ஓடத் தொடங்கியதும் உங்கள் ரோட்டில் வெளியூர் வண்டி குறையும். "ஹைவே இடம்" என்று சொல்லி விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. மார்த்தாண்டம் மேம்பாலமும் பார்வதிபுரம் மேம்பாலமும் திறந்தபிறகு பாலத்தடியில் நடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள்: வழியில் நிறுத்தி வாங்குகிற வியாபாரம் படுத்தது, ஊர்க்காரர் தேடிவந்து வாங்குகிற வியாபாரம் தாக்குப்பிடித்தது. உங்கள் இடத்தைச் சுற்றிப் பொறியியல் கல்லூரி, மகளிர் கல்லூரி, புதிது புதிதாக வீட்டுமனைகள். ஆகவே லாட்ஜ், பெரிய வழிச்சாலை ஹோட்டல் என்ற கனவெல்லாம் வேண்டாம். சூப்பர் மார்க்கெட், பர்னிச்சர், டைல்ஸ், ஸ்கேன் சென்டர், டூவீலர் ஷோரூம், வங்கிக் கிளை, இவைதான் அந்த ரோட்டில் பத்து வருடம் கழித்தும் வாடகை கொடுக்கும். கல்யாண மண்டபம் என்று யாராவது சொல்வார்கள், மேற்கே போனால் அதையே ஆடிட்டோரியம் என்பார்கள். எத்தனை இருக்கிறது என்று களியக்காவிளை வரை ஒருமுறை பஸ்ஸில் போய் எண்ணிப்பாருங்கள்.

நிலத்தைப் பொதுவாக வைத்திருக்கச் சொன்ன அந்தக் காரணத்துக்கு வருகிறேன்: முகப்பு. உங்கள் நிலத்தின் மதிப்பில் பெரும்பகுதி அந்த 92 அடியில்தான் இருக்கிறது. தக்கலைப் பக்கம் மூன்று அண்ணன் தம்பிகள் 75 அடி முகப்பை ஆளுக்கு 25 அடியாக நீளவாக்கில் பிரித்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். மூன்று பேரும் ஆளுக்கொரு கடை கட்டினார்கள், யார் கடையிலும் ஒரு கார் நிறுத்த இடமில்லை. பிறகு மொத்தமாகக் கேட்டு ஒரு கம்பெனி வந்தபோது நடுவில் இருந்தவர் முரண்டு பிடித்தார், கம்பெனி எதிர்ச் சாரிக்குப் போய்விட்டது. உங்கள் வீட்டிலும் "நியாயமாகப் பிரித்துவிடலாம்" என்ற பேச்சு வரும். பிரித்தால் ஆளுக்குக் கிடைப்பது 20, 30 அடி அகல ரிப்பன். பொதுவில் வைத்து வாடகையைப் பங்கு பிரிப்பதுதான் நியாயம்.

இப்போது நான்கு யோசனைகள். விற்பதை முதலில் முடித்துவிடுகிறேன். சென்டுக்கு 9 லட்சம் என்றால் 3.42 கோடி. 2001 ஏப்ரலுக்கு முன்பே வாங்கிய சொத்து என்பதால் அன்றைய மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம், ஆனால் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. கணக்குக்காகச் சென்டுக்கு 20,000 என்று வையுங்கள், 7.6 லட்சம். மீதி 3.34 கோடிக்கு 12.5 சதவீத நீண்டகால மூலதன ஆதாய வரி என்றால் நான்கு பேருக்கும் சேர்த்து சுமார் 42 லட்சம், செஸ்ஸும் சர்சார்ஜும் தனி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்கு உள்நாட்டில் இருப்பவர்கள் பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் என்ற வழியையும் எடுக்கலாம்தான். அடக்கவிலை இவ்வளவு சிறியதாக இருக்கும்போது அது உதவாது, போட்டுப்பார்த்தேன், 60 லட்சத்தைத் தாண்டுகிறது. ஆளுக்கு 50 லட்சம் வரை ஆறு மாதத்துக்குள் அரசு நிறுவனங்களின் மூலதன ஆதாயப் பத்திரங்களில் போட்டால் அந்த அளவுக்கு வரி இல்லை, பணம் ஐந்து வருடம் முடங்கும். அண்ணன் வெளிநாட்டவர் கணக்கில் வருவதால் அவர் பங்குக்கு வாங்குகிறவர் வழக்கமான 1 சதவீத வரியைப் பிடித்தால் போதாது, ஆதாய வரி விகிதத்திலேயே பிடிக்க வேண்டும். குறைத்துப் பிடிக்கச் சான்று வாங்கலாம், அதற்கு நாள் எடுக்கும்.

பாதி வெள்ளை பாதி கறுப்பு என்று புரோக்கர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடலாம். அந்தக் கறுப்பை வைத்து அண்ணன் ஷார்ஜாவில் என்ன செய்வார், அக்கா திருவனந்தபுரத்துக்கு எந்தப் பையில் கொண்டுபோவார்?

குடும்பத்தில் ஒருவருக்கு அவசரப் பணத்தேவை இருந்தால் விற்பது தப்பில்லை. உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. விற்ற பணத்தை நான்கு பேர் பிரித்தால் நான்கு வீட்டில் நான்கு கார், இரண்டு மாடி. பிறகு இதே ரோட்டில் 92 அடி வாங்கப் போனால் கிடைக்காது.

பில்டர் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை, காரணம் சொல்கிறேன். 38 சென்ட் என்பது சுமார் 1,538 சதுர மீட்டர். விதிப்படி தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது காகிதத்தில் 33,000 சதுர அடி வரை கட்டலாம். பில்டர் காட்டுகிற படமும் அந்த 33,000-ஐ வைத்துத்தான். நஞ்சையைக் கழியுங்கள், பக்க இடைவெளியைக் கழியுங்கள், பார்க்கிங்கைக் கழியுங்கள், என்ன மிஞ்சும்? அப்படியே கட்டினாலும் நாகர்கோவில் கேப் ரோட்டில், கோர்ட் ரோட்டில் அண்ணாந்து பாருங்கள். முதல் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் 'வாடகைக்கு' போர்டு வெயிலில் வெளுத்துக் கிடக்கும். நம் ஊரில் வாடகை என்பது தரைத்தளம்தான். உங்கள் 40 சதவீதத்தில் தரைத்தளம் எவ்வளவு, மாடி எவ்வளவு என்று பில்டரிடம் கேளுங்கள், அங்கே பேச்சு தடுமாறும். அவர் கேட்கப்போகிற பொது அதிகாரப் பத்திரம் இன்னொரு தலைவலி. விற்கும் அதிகாரத்தைக் குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்குக் கொடுத்தால் 2023 ஜூலையிலிருந்து சந்தை மதிப்பில் 1 சதவீதம் பதிவுக் கட்டணம், அது போகட்டும். கட்டடம் பாதியில் நின்றால் உங்கள் நிலம் அவர் கடனுக்குள் மாட்டியிருக்கும். 500 சதுர மீட்டரைத் தாண்டுவதால் விற்பனைக்குக் கட்டும் திட்டத்தை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்தாக வேண்டும். அவர் இதுவரை அங்கே பதிந்து முடித்த திட்டம் எது என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலைப் பொறுத்து நீங்களே முடிவுசெய்யுங்கள்.

மிஞ்சியது லீசும் அண்ணனின் ஆசையும். ஷோரூம்காரரின் கணக்கு வருடத்துக்கு 13.2 லட்சம், நிலத்தின் மதிப்பில் 4 சதவீதத்துக்கும் குறைவு. வணிக நிலத்துக்கு அது மோசமில்லை, நிலத்தின் விலையும் கூடவே ஏறுகிறது. என் பயம் அந்த 20 வருடத்தில். அவர் அனுப்பிய வரைவில் "வாடகைதாரர் விரும்பினால் மேலும் 20 வருடம் நீட்டிக்கலாம்" என்று ஒரு வரி இருக்கிறதே, பார்த்தீர்களா? விருப்பம் அவருடையது, கட்டுப்பாடு உங்களுடையது. நாற்பது வருடம் என்றால் அது விற்றதுதான், பணம் தவணையில் வருகிறது, அவ்வளவே. வாடகை உயர்வு பற்றி வரைவில் "பரஸ்பரம் பேசி" என்றிருக்கிறது. பேசி என்றால் பேசாமல் என்று அர்த்தம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் என்று எண்ணிலும் எழுத்திலும் போட்டால் 1,10,000 என்பது 18 வருடம் கழித்து சுமார் 2,54,000 ஆகியிருக்கும்.

இன்னொரு நுணுக்கம், ஆடிட்டர் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கட்டட வாடகைக்கு வருமான வரியில் 30 சதவீதம் கழிவு உண்டு. வெறும் நிலத்தின் வாடகைக்கு அது கிடையாது, 'இதர வருமானம்' என்று முழுதும் வரிக்குள் போகும். அண்ணன் பங்கு வாடகையில் வாடகைதாரர் 31.2 சதவீத வரி பிடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

இதற்கு ஒரு சொந்தக் கதை. கோட்டாறு பக்கம் எங்கள் குடும்பத்துக்கு 9 சென்ட் இருந்தது. 1998-இல் ஒரு மரக்கடைக்காரருக்கு வெறும் நிலமாக, 11 மாத ஒப்பந்தம், சாதாரண முத்திரைத்தாள். மதிப்பீட்டாளன் வீட்டிலேயே அந்த லட்சணம். முதலில் தகர ஷெட், பிறகு சுவர், பிறகு மின் இணைப்பு அவர் பெயரில். காலி செய்யச் சொன்னபோது "கட்டடம் என்னுடையது" என்றார். பதினொரு மாத ஒப்பந்தம் பதினொரு வருட வழக்கானது. அப்போது அப்பாவின் பழைய நண்பரான ஆவண எழுத்தர் சொன்னார், "மக்ளே, நெலத்தைக் குடு, இல்ல கட்டடத்தைக் குடு. நெலம் ஒனக்கு, கட்டடம் அவனுக்குன்னு மட்டும் வச்சுராத."

அதனால் நான் சொல்வது அண்ணனின் யோசனைக்கும் லீசுக்கும் நடுவில். முன்பக்க 27 சென்ட்டில், ரோட்டிலிருந்து நன்றாக உள்வாங்கி, ஒரே தளமாக 6,000 சதுர அடி இரும்பு டிரஸ் கட்டடம். முகப்பு முழுதும் பார்க்கிங். மாடி வேண்டவே வேண்டாம். சதுர அடிக்கு 1,400 என்று வைத்தால் 84 லட்சம். உங்கள் என்ஜினீயரிடம் இன்றைய விலையைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். 10 லட்சம் அட்வான்ஸ், குடும்பத்தின் கையிருப்பு 24 லட்சம், மீதி 50 லட்சம் கடன். பத்து வருடத்துக்கு 10 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 66,000. சதுர அடிக்கு 40 ரூபாய் வாடகை வந்தால் மாதம் 2,40,000. தவணை போக 1,74,000, நிலத்தை மட்டும் கொடுத்தால் வருவதைவிட 64,000 கூடுதல். கட்டடம் உங்களுடையது, 30 சதவீதக் கழிவும் உண்டு, கடன் வட்டியையும் கழிக்கலாம். வாடகை 30 ரூபாய்தான் கிடைக்கும் என்றாலும் 1,80,000, தவணை போக 1,14,000. அதாவது மோசமான கணக்கிலும் ஷோரூம்காரர் இன்று கொடுப்பதற்குக் கீழே போகவில்லை. சுமார் 29-க்குக் கீழே இறங்கினால்தான் இந்த யோசனை அடிபடும். எனவே கல் வைப்பதற்கு முன்பே வாடகைதாரர் கையெழுத்து போட்டிருக்க வேண்டும். ஆள் இல்லாமல் கட்டாதீர்கள்.

அதே ஷோரூம்காரரிடமே கேளுங்கள். கட்டடச் செலவு மிச்சம் என்றால் வியாபாரிக்கு ஆசை வரும், அந்தப் பணம் சரக்கில் நிற்கும். லீஸ் 9 அல்லது 10 வருடம். முதல் 5 வருடத்துக்குள் அவர் காலி செய்தால் மீதி வாடகை கொடுக்க வேண்டும். உள்வாடகை கூடாது. லீஸ் உரிமையை அடகுவைக்கக் கூடாது. சொத்துவரி யார், ஜெனரேட்டர் எங்கே, போர்டு எந்த அளவு, எல்லாம் எழுத்தில். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீசைப் பதிவது கட்டாயம். முப்பது வருடத்துக்குக் குறைந்த லீசுக்கு முத்திரைத் தீர்வை மொத்த வாடகையிலும் அட்வான்ஸிலும் 1 சதவீதம்தான், அதை மிச்சம் பிடிக்க 11 மாதம் 11 மாதமாக எழுதாதீர்கள். வணிக வாடகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. உங்களுக்குப் பதிவு இல்லை, அவருக்கு இருக்கிறது என்றால் அவரே நேரடியாகக் கட்டிவிட வேண்டும்.

கட்டடத்துக்கு அனுமதி வாங்க ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம். அதுவரை நிலம் சும்மா கிடக்க வேண்டாம். வேலி போடுங்கள், பெயர்ப்பலகை வையுங்கள், காலிமனை வரியை நிலுவையில்லாமல் கட்டி ரசீதை எடுத்துவையுங்கள். செடி விற்கிற நர்சரிக்கு யாராவது கேட்டால் கொடுக்கலாம். தொட்டி தூக்கிக்கொண்டு போய்விடக்கூடியது, தரையில் ஒரு செங்கல்கூட அவர் வைக்கக்கூடாது என்று எழுதிக்கொண்டு.

9 லட்சம் சரியான விலையா என்றும் கேட்டிருந்தீர்கள். புரோக்கர் சொல்வதும் வழிகாட்டி மதிப்பும் விலை அல்ல. உங்கள் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், அதே ரோட்டில், கடந்த இரண்டு வருடத்தில் பதிவான மூன்று நான்கு விற்பனைப் பத்திரங்களின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குங்கள். முகப்பு 50 அடிக்குக் குறைந்தவற்றை ஒதுக்கிவிடுங்கள். வங்கி ஏலத்தில் போன இடம் இருந்தால் அதையும் பாருங்கள், அங்கே கறுப்பு கலக்காத விலை தெரியும்.

அம்மா நல்ல நினைவோடு இருக்கும்போதே தன் 12.67 சென்ட்டுக்கு ஒரு உயில் எழுதட்டும். இரண்டு சாட்சிகள் போதும். பதிவது கட்டாயமில்லை, ஆனாலும் பதியுங்கள். யாருக்கு எழுதுகிறார் என்பது அவர் விருப்பம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காதீர்கள்.

அப்புறம் அந்த டோக்கன் 1 லட்சம். நாளைக்கே வங்கி வழியாகத் திருப்பி அனுப்புங்கள், கூடவே ஒரு கடிதம்: குடும்பத்தினர் நால்வரும் கலந்து பேசியபிறகு புதிதாகப் பேசலாம் என்று, அவ்வளவு போதும். இப்போது அதை வாங்கியிருப்பது நீங்கள் ஒருவர் மட்டும், மற்ற மூவருக்கும் சேர்த்து. நாளைக்கு அவர் "ஒப்பந்தம் ஆகிவிட்டது" என்று ஒரு நோட்டீஸ் அனுப்பினால் மேலே சொன்ன எதையும் உங்களால் தொடங்க முடியாது. அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போடுங்கள்.